மொத்த மளிகைக் கடைக்கு டேட்டாபேஸ் சர்வர்: முதன்முறையாக அமைப்பவருக்கு

விருதுநகரில் சித்தப்பா நடத்தும் மொத்த மளிகைக் கடைக்கு நான் அமைத்த முதல் டேட்டாபேஸ் சர்வர் ஐந்து மாதங்கள் ஓடியது. பில், சரக்கு, பாக்கி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேமித்து, மற்ற கணினிகள் கேட்டால் எடுத்துத் தரும் கணினி அது. அதற்குள் இரண்டு பெரிய சிக்கல்கள் வந்தன. 2025 செப்டம்பரில் வரி விகிதம் மாறியதும் பழைய பில்களின் நகல்கள் தவறான வரியோடு அச்சாகின. தீபாவளி முடிந்த வாரத்தில் வட்டு செயலிழந்தது. பேக்கப் கோப்புகளைத் திறந்தால் எல்லாம் காலி. 19 நாள் பில்களைக் கார்பன் நகல்களிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தோம். சித்தப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, கடை அடைத்த பிறகு தினமும் என்னோடு உட்கார்ந்து பில்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் செய்தேன். சர்வரை நிறுவ ஒரு காலைப்பொழுது போதும். டேபிள்களை (தகவலை வரிசைவரிசையாக வைக்கும் அட்டவணைகளை) வடிவமைக்கவும், பேக்கப்பைச் சோதிக்கவும்தான் வாரக்கணக்கில் நேரம் வேண்டும். நான் முதன்முறை இதைத் தலைகீழாகச் செய்தேன். உங்களுக்கு அந்த 19 நாள் வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், எல்லோரும் சுருக்கமாக போஸ்ட்கிரெஸ் என்பார்கள். உரிமக் கட்டணம் கிடையாது. அதே வகை மென்பொருளான மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. கணினியைத் தொடுவதற்கு முன் காகிதங்களைச் சேகரியுங்கள்

இவை கையில் இல்லாமல் ஒரு டேபிள்கூட வரையாதீர்கள்:

- கடந்த மூன்று மாதப் பில் புத்தகங்கள், ரத்து செய்த பில்களும் சேர்த்து
- பாக்கி எழுதும் பேரேடு
- சரக்கு வாங்கிய பில்கள், குறைந்தது ஐந்து வெவ்வேறு கம்பெனிகளுடையவை
- ஆடிட்டருக்கு மாதாமாதம் கொடுக்கும் விற்பனைப் பட்டியல்
- சரக்கு திரும்பி வந்ததற்கும், உடைந்ததற்கும், எடை குறைந்ததற்கும் எழுதிய துண்டுச்சீட்டுகள்

கடைசியில் சொன்னதை யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். கல்லாப்பெட்டியின் அடியில், கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். கேட்டு வாங்குங்கள். வழக்கமான பில் எல்லா வடிவமைப்பிலும் அடங்கும். டேபிள்கள் தாங்குமா என்பது இந்தத் துண்டுச்சீட்டுகளை வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

அப்புறம், கணக்குப்பிள்ளையோடு ஒரு முழு நாள் உட்காருங்கள். எங்கள் கடையில் "டின்" என்றால் 15 கிலோ எண்ணெய் டின். ஆனால் ஒரு கம்பெனியின் டின்னில் 15 லிட்டர் வரும். லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. அதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

2. எவ்வளவு தரவு என்று கணக்குப் போட்டபின் பணத்தை எடுங்கள்

எங்கள் கணக்கு இது. நாளைக்கு 120 பில், ஒரு பில்லில் சராசரி 9 பொருட்கள், ஆண்டுக்கு 300 வேலைநாட்கள். ஆக 36,000 பில்கள், 3,24,000 பொருள் பதிவுகள். ஒரு பதிவுக்கு 150 பைட் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு 50 எம்பிக்குள் அடங்கிவிடும். வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ்கள் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2025-26 கணக்கென்றால் 2032 டிசம்பர் இறுதிவரை. அத்தனை ஆண்டுத் தரவும் சேர்ந்தாலும் ஒரு ஜிபியைத் தாண்டாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், "சர்வர்" என்ற சொல்லுக்குப் பயந்து லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு விலை கேட்டு வராதீர்கள்.

நாங்கள் செலவழித்தது: 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மேசைக் கணினி 13,500 ரூபாய், புதிய எஸ்எஸ்டி வட்டு இரண்டு 6,400, சிறிய யுபிஎஸ் 3,200. மொத்தம் 23,100 ரூபாய். கணினி பழையதாக இருக்கலாம், வட்டு மட்டும் புதிதாக இருக்கட்டும். இரண்டு வட்டு வாங்கியது, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படுவதற்காக. உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும்போதே அதற்கு வழி உண்டு. ஆனால் இது பேக்கப் ஆகாது. தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் இரண்டு வட்டிலும் ஒரே நொடியில் அழியும்.

கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர், வேண்டுமா? 1 ஜிபி நினைவகம் உள்ள சிறிய மெய்நிகர் சர்வர் மாதம் 5 முதல் 7 டாலருக்குக் கிடைக்கும். பராமரிப்பையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் சேவை மாதம் 15 டாலர் அளவில் தொடங்கும். பல ஊர்களில் கிளைகள் இருந்தால் அதுதான் சரி. ஒரே கடை என்றால், இணையம் போன நேரத்தில் பில் போட முடியாமல் வாசலில் லாரி நிற்கும். அதனால் நான் கடைக்குள்ளேயே வைத்தேன்.

கிளவுட் கணக்கு திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: புதிதாக வந்த வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் முடக்கப்பட்டே வரும். 2020இல் வந்த ரிசர்வ் வங்கியின் விதி அது. வங்கிச் செயலியில் அதை இயக்கிவிட்டுத் தொடங்குங்கள். அட்டை ஏன் ஏற்கப்படவில்லை என்று தெரியாமல் நான் இரண்டு நாள் வீணாக்கினேன்.

3. டேபிள்களைத் தாளில் வரையுங்கள்

இங்கே நிதானமாக இருங்கள். முதன்முறை நான் செய்தது: பில் என்று ஒரே டேபிள், அதில் பொருள் 1, பொருள் 2, பொருள் 3 என்று பத்துப் பொருள் வரை புலங்கள் (டேபிளின் நெடுவரிசைகள்). பதினோராவது பொருள் வாங்கியவருக்கு இரண்டு பில் போட்டோம். "இந்த மாதம் எவ்வளவு துவரம்பருப்பு விற்றது" என்ற கேள்விக்குப் பத்துப் புலங்களிலும் தேட வேண்டியிருந்தது.

ஒரு பில்லுக்கு ஒரு பதிவு, அந்தப் பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பதிவு என்று இரண்டு டேபிள்களாகப் பிரியுங்கள். இரண்டாவதற்கு "பில் வரி" என்று பெயர் வைக்காதீர்கள். வரி என்றால் டாக்ஸா, லைனா என்று மூன்று மாதம் கழித்து உங்களுக்கே குழம்பும். நான் "பில் உருப்படி" என்று வைத்தேன்.

பெரிய கேள்வி, எது பொருள் என்பது. துவரம்பருப்பு ஒரு பொருள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் லேபிள் ஒட்டிய 1 கிலோ பாக்கெட்டுக்கு 5% வரி, 50 கிலோ மூட்டைக்கு வரி இல்லை. 2022 ஜூலையிலிருந்து இப்படித்தான், லேபிளிட்ட சிப்பம் 25 கிலோ வரை இருந்தால் வரி உண்டு. ஆக விலையும் வரியும் சிப்பத்தைப் பொறுத்தவை. சரக்கு என்று ஒரு டேபிள், அதன் கீழே சிப்பம் என்று ஒரு டேபிள். 1 கிலோ பாக்கெட், 50 கிலோ மூட்டை இரண்டும் சிப்பம் டேபிளில் தனித்தனிப் பதிவுகள். இரண்டும் துவரம்பருப்பு என்ற ஒரே சரக்கைச் சுட்டும்.

அடுத்தது என்னை முதலில் கவிழ்த்த இடம். வரி விகிதத்தைச் சரக்கு டேபிளில் மட்டும் வைத்திருந்தேன். பில் அச்சிடும்போது அங்கிருந்து எடுத்துக் கணக்கிடும். 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு, சோப்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. அன்று காலை விகிதத்தை மாற்றினேன். மறுநாள் ஒரு கடைக்காரர் ஆகஸ்ட் பில்லின் நகல் கேட்டார். 18% கட்டிய பில், 5% என்று அச்சாகி வந்தது.

எனவே, பில் போட்ட நொடியில் இருந்த விலை, வரி விகிதம், வரித் தொகை மூன்றையும் பில் உருப்படியிலேயே எழுதி வையுங்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்று பாடம் படித்திருப்பீர்கள். இது அந்த விதிக்கு மீறல் இல்லை. சிப்பம் டேபிளில் இருப்பது இன்றைய விகிதம், பில்லில் இருப்பது அன்று வாங்கிய விகிதம். இரண்டும் வெவ்வேறு தகவல்கள். வாடிக்கையாளரின் முகவரிக்கும் இதே கணக்குதான். அவர் கடையை வேறு தெருவுக்கு மாற்றினால் பழைய பில்லின் முகவரி மாறக் கூடாது.

பில் எண்ணில் இன்னொரு பொறி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தானாகவே 1, 2, 3 என்று எண் கொடுக்கும் வசதி உண்டு. அதைப் பில் எண்ணாக வைக்காதீர்கள். பாதியில் ரத்தான முயற்சியும் ஓர் எண்ணை விழுங்கிவிடும், 104க்கு அடுத்து 106 வரும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் இன்னொரு முறை வராததாக இருக்க வேண்டும். தானியங்கி எண்ணை உள்வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பில் எண்ணுக்கு, நிதியாண்டுக்கு ஒரு பதிவு என்று ஒரு சிறிய டேபிள் போட்டு, அதில் கடைசி எண்ணை வையுங்கள். பில்லைச் சேமிக்கும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் அந்த எண்ணை ஒன்று கூட்டி எடுங்கள். டிரான்ஸாக்‌ஷன் என்பது முழுவதும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காத ஒரு கட்டு. பில் சேமிக்கப்படாவிட்டால் எண்ணும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டால் ஒன்று கண்ணிமைக்கும் நேரம் காத்திருக்கும், அவ்வளவுதான்.

ரத்து செய்த பில்லை அழிக்காதீர்கள். "ரத்து" என்று ஒரு புலம் வைத்துக் குறியுங்கள். மாதாந்திர ரிட்டர்னில் எத்தனை எண்கள் ரத்தாயின என்றும் கேட்கிறார்கள்.

இருப்பையும் பாக்கியையும் ஒற்றை எண்ணாக வைத்து ஏற்றி இறக்க வேண்டாம். வரத்து, விற்பனை, திரும்பியது, சேதம் என்று ஒவ்வொன்றையும் ஒரு பதிவாக எழுதுங்கள். கூட்டினால் இருப்பு வந்துவிடும். எங்கள் கணக்குப்பிள்ளை பேரேட்டில் எதையும் அடித்து எழுத மாட்டார். தவறு நேர்ந்தால் கீழே எதிர்ப்பற்று எழுதுவார். டேட்டாபேஸ் வடிவமைப்பில் நான் கற்ற சிறந்த பாடத்தை அந்தப் பேரேட்டிலிருந்துதான் எடுத்தேன்.

வரைந்து முடித்ததும் துண்டுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இது எந்த டேபிளில் எப்படி உட்காரும்" என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். உட்காராத சீட்டு இருக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

4. ஒவ்வொரு புலத்துக்கும் சரியான வகை

பணத்துக்கு, தசம எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகையை எடுக்காதீர்கள். அதில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. துல்லியமாகச் சேமிக்கும் நியூமெரிக் வகையை எடுங்கள், தொகைக்கு இரண்டு தசம இடங்கள், எடைக்கு மூன்று.

கைபேசி எண் எழுத்து வகையில் இருக்கட்டும். சாதாரண இன்டிஜர் (முழு எண்) வகையின் உச்சம் 2,14,74,83,647. 98 என்று தொடங்கும் பத்து இலக்க எண் அதில் அடங்காது. ஜிஎஸ்டி எண்ணும் எழுத்துதான், சரியாக 15 எழுத்துகள் இருக்க வேண்டும் என்று டேட்டாபேஸிலேயே நிபந்தனை போடுங்கள்.

பில் நேரத்துக்கு நேர மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் (தேதியும் நேரமும்) வகை. சர்வரின் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்ற மறக்காதீர்கள். உபுண்டு சர்வர் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். எங்கள் கடை விடிகாலை 5 மணிக்குத் திறக்கும். 5.30க்கு முன் போட்ட பில்கள் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்துகொண்டிருந்தன. கல்லாவில் தினமும் தொகை இடித்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் இடத்தில் ஃபாரின் கீ, அதாவது சுட்டப்படும் பதிவு இருக்கிறதா என்று சரிபார்க்கும் நிபந்தனை, கட்டாயம். அப்போதுதான் இல்லாத வாடிக்கையாளர் பெயரில் பில் விழாது. ஆனால் அப்படிச் சுட்டும் புலத்துக்குப் போஸ்ட்கிரெஸ் தானாக இன்டெக்ஸ் போடாது. பில் உருப்படியில் உள்ள பில் அடையாள எண்ணுக்கு நீங்களே ஒன்று போடுங்கள். முதல் மாதத்தில் வித்தியாசம் தெரியாது. லட்சம் பதிவுகள் சேர்ந்தபின் பில்லைத் திறக்கவே காத்திருக்க நேரும்.

அட்டை எண், ஆதார் எண் இரண்டுக்கும் புலமே வைக்காதீர்கள். வியாபாரிகள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமிக்க 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி தடை விதித்திருக்கிறது.

5. தமிழில் பெயர் எழுதுபவர்கள் கவனிக்க

டேட்டாபேஸை உருவாக்கியதும் அதன் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் தமிழ் எழுத்து, உள்ளே இரண்டு விதமாக இருக்கலாம். "கொ" என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் சேமிக்கப்படும், தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கப்படும். "கொண்டைக்கடலை" இரண்டு சரக்காகப் பதிவாகி, இருப்பு பாதிப்பாதியாகப் பிரிந்து நின்றது எங்களுக்கு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற செயல்பாடு இருக்கிறது. பெயர் உள்ளே போகும்போதே அதன் வழியாக அனுப்புங்கள்.

அதற்கும் அடங்காதவை இரண்டு. "ஸ்ரீ" என்ற எழுத்தை இரண்டு விதக் குறிகளால் எழுத முடியும், நார்மலைஸ் அவற்றை ஒன்றாக்காது. இன்னொன்று, ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்வது. வாடிக்கையாளர்களில் பாதிக் கடைகள் ஸ்ரீயில் தொடங்கும் ஊர் இது. அதற்கென்று ஒரு திருத்த விதியை நான் தனியாக எழுதி வைத்தேன்.

பழைய எக்ஸெல் கோப்புகள் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எக்ஸெலிலிருந்து வெளியே எடுக்கும்போது சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த கோப்பு) வேண்டாம், தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். சேமிக்கும் வகைகளில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று தனியாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

டேபிள் பெயர்களையும் தமிழில் வைக்க முடியும். நான் வைக்கவில்லை. பெயருக்கு 63 பைட்தான் எல்லை, ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். உயிர்மெய்க்கு இரண்டு குறிகள் வேண்டும் என்பதால் பெயர் பத்துப் பதினைந்து எழுத்துகளோடு நின்றுவிடும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

6. நிறுவுதல்

இதற்கு ஒரு காலை போதும். உபுண்டு 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள், 2029 வரை இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன் சொந்தத் தொகுப்பகத்திலேயே (மென்பொருள் கிடங்கிலேயே) போஸ்ட்கிரெஸ் 16 இருக்கிறது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு, 16க்கு 2028 நவம்பர் வரை. இதைவிடப் புதியது வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் குழுவின் தொகுப்பகத்தைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் அது தேவையில்லை.

நிறுவியதும் எல்லோரும் தடுக்கி விழும் இடம், "பாஸ்வேர்டு என்ன?" என்பது. பாஸ்வேர்டே கிடையாது. நிறுவும்போது போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் லினக்ஸில் ஒரு பயனர் உருவாகியிருப்பார். சூடோ கட்டளை மூலம் அந்தப் பயனராக மாறி, பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளையைக் கொடுத்தால் நேரே உள்ளே போய்விடலாம். உங்கள் சொந்தப் பயனராக முயன்றால் "பியர் ஆதென்டிகேஷன்" (லினக்ஸ் பயனர் பெயரை வைத்து ஆளை அடையாளம் காணும் முறை) தோற்றது என்ற பிழை வரும். அதைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் இணையப் பதில்களைப் பின்பற்றாதீர்கள்.

வேகத்துக்கான அமைப்புகளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஷேர்டு பஃபர்ஸ், அதாவது தரவைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப் போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும் நினைவகம். இயல்பாக 128 எம்பி இருக்கும், நினைவகத்தில் கால் பங்கு கொடுங்கள். 8 ஜிபி என்றால் 2 ஜிபி. பழைய பதிவுகளின் எச்சத்தைத் தானாகச் சுத்தம் செய்யும் ஆட்டோவாக்கியூமை ஒருபோதும் அணைக்காதீர்கள்.

தரவு எதையும் ஏற்றும் முன் பிஜி செக்சம்ஸ் என்ற கருவியால் சரிபார்ப்பு வசதியை இயக்குங்கள். வட்டு ரகசியமாகக் கெட்டுப்போனால் அது காட்டிக்கொடுக்கும். 16ஆம் பதிப்பில் அது அணைந்தே இருக்கும், சர்வரை நிறுத்திவிட்டுத்தான் இயக்க முடியும். கட்டளை கிடைக்கவில்லை என்று உபுண்டு சொன்னால், அந்தப் பதிப்புக்குரிய "பின்" (bin) என்ற கோப்புறையில் தேடுங்கள்.

யுபிஎஸ்ஸை இணைத்த பிறகு, கணினியின் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி வையுங்கள். இல்லையென்றால் விடிகாலையில் கடை திறப்பவர் உங்களுக்கு ஃபோன் செய்வார்.

7. யார் யார் உள்ளே வரலாம்

போஸ்ட்கிரெஸ் இயல்பாக அதே கணினியிலிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே ஏற்கும். கவுன்டர் கணினிகள் வர வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். முக்கிய அமைப்புக் கோப்பில், எந்த முகவரிகளில் அழைப்பை ஏற்பது என்று சொல்லும் லிஸன் அட்ரஸஸ் என்பதைத் திறந்துவிட வேண்டும், இதற்குப் பிறகு சர்வரை மறுதொடக்கம் செய்வது அவசியம். யார் எங்கிருந்து வரலாம் என்று எழுதும் பிஜி ஹெச்பிஏ கோப்பில் கடையின் உள்வலைக்கு மட்டும், ஸ்க்ராம் என்ற பாஸ்வேர்டு முறையில் அனுமதி தர வேண்டும், இதற்கு ரீலோடு (நிறுத்தாமல் அமைப்புகளை மறுபடி படிக்கச் செய்வது) போதும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் இணைப்பு கிடைக்காது. எரிச்சலில் "டிரஸ்ட்" என்று எழுதாதீர்கள். யார் வந்தாலும் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்டுவிடும்.

போஸ்ட்கிரெஸ் அழைப்புகளை ஏற்கும் வாசலான 5432 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது. வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமா? எஸ்எஸ்ஹெச் சுரங்கம் அல்லது வயர்கார்டு என்ற மறையாக்கிய பாதை வழியாக வாருங்கள். உபுண்டுவில் உள்ள யுஎஃப்டபிள்யூ தீச்சுவரில் உள்வலைக்கு மட்டும் அந்த போர்ட்டை விடுங்கள். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவியில்) போஸ்ட்கிரெஸை வைப்பவர்கள் கவனம்: டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்களை யுஎஃப்டபிள்யூ தடுக்காது. தடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கதவு திறந்திருக்கும்.

மூன்று பயனர்கள் போதும். டேபிள்களின் உரிமையாளர் ஒருவர், டேபிளை மாற்றும்போது மட்டும் இவர் வருவார். பில் போடும் மென்பொருளுக்கு ஒருவர், எழுதவும் படிக்கவும் அனுமதி, பில் டேபிள்களில் அழிக்க அனுமதி இல்லை. கணக்குப்பிள்ளைக்கு ஒருவர், படிக்க மட்டும். மென்பொருள் போஸ்ட்கிரெஸ் பயனராகவே நுழையும்படி வைத்தால் எல்லா அதிகாரமும் அதற்குப் போய்விடும். ஒரு சிறு பிழை மொத்தத்தையும் துடைத்துவிடும்.

கையால் ஏதாவது திருத்த நேர்ந்தால், முதலில் பிகின் என்று டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்குங்கள். திருத்தியதும் எத்தனை பதிவுகள் மாறின என்று போஸ்ட்கிரெஸ் சொல்லும். ஒன்று எதிர்பார்த்த இடத்தில் 36,000 என்று வந்தால் ரோல்பேக் கொடுத்து மீளலாம். தொடங்காமல் செய்திருந்தால் மீள வழியில்லை.

8. பேக்கப்: இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்

என் பழைய பேக்கப் தினமும் இரவு 10 மணிக்கு ஓடியது. கோப்புறையில் தேதி வாரியாகக் கோப்புகள் அழகாக அடுக்கியிருந்தன. எல்லாம் 0 பைட். நான் உட்கார்ந்து ஓட்டியபோது பாஸ்வேர்டு கேட்டது, தட்டினேன், வேலை செய்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் என்ற லினக்ஸ் கருவி தானாக ஓட்டியபோது பாஸ்வேர்டு தட்ட யாரும் இல்லை. கோப்பு உருவானது, உள்ளே ஒன்றும் எழுதப்படவில்லை. ஐந்து மாதமும் ஒரு முறைகூட நான் அளவைப் பார்க்கவில்லை. புதிய வட்டு வந்து பேக்கப்பைத் திறந்த இரவை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அந்த 19 நாளுக்கு முந்தைய பில்கள்கூட, ஆடிட்டருக்குக் கொடுத்த எக்ஸெல் நகல் ஒன்று இருந்ததால்தான் திரும்பக் கிடைத்தன.

இப்போது இப்படிச் செய்கிறேன்:

- பேக்கப் வேலையை லினக்ஸின் போஸ்ட்கிரெஸ் பயனரின் கிரானில் வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு தேவைப்படாது. வேறு பயனரில் வைப்பதானால், பாஸ்வேர்டை எழுதி வைக்கும் பிஜிபாஸ் கோப்பு வேண்டும். அதன் அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் அதைக் கண்டுகொள்ளாது.
- டேட்டாபேஸை ஒரு கோப்பாக எடுத்துத் தரும் பிஜி டம்ப் கருவியின் கஸ்டம் வடிவத்தில், மதியம் 2 மணிக்கும் இரவு 9.30க்கும் எடுக்கிறேன்.
- பயனர்களும் அவர்களின் பாஸ்வேர்டுகளும் பிஜி டம்பில் வராது. பிஜி டம்ப்ஆல் கருவியில் குளோபல்ஸ் மட்டும் எடுக்கும் வழி இருக்கிறது, வாரம் ஒருமுறை அதையும் எடுக்கிறேன்.
- கோப்பின் அளவு நேற்றையதைவிடக் குறைந்தால் என் கைபேசிக்குச் செய்தி வரும்.
- ஒரு நகல் கடையில் வேறொரு கணினியில், ஒன்று சித்தப்பா வீட்டில், ஒன்று பூட்டுச்சொல்லோடு கிளவுட் சேமிப்பில். சர்வரிலேயே செருகி வைத்த பென்டிரைவ் கணக்கில் வராது. இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மாதத்தின் முதல் ஞாயிறு, என் மடிக்கணினியில் அந்த நகலை முழுவதுமாக மீட்டெடுப்பேன். மூன்று எண்களைச் சரிபார்ப்பேன்: மொத்தப் பில்கள், கடைசிப் பில் எண், அந்த மாத விற்பனைத் தொகை. 20 நிமிட வேலை. மீட்டுப் பார்க்காத கோப்பைப் பேக்கப் என்று நம்பி இருக்காதீர்கள், தயவுசெய்து.

சர்வர் ஓடும்போது அதன் தரவுக் கோப்புறையை அப்படியே நகலெடுப்பதும் பயன்படாது. பாதி எழுதிய நிலையில் நகலாகும், பிறகு திறக்க மறுக்கும்.

9. பழைய தரவை ஏற்றுவது

எல்லாவற்றையும் ஏற்ற ஆசை வரும். சரக்கு, வாடிக்கையாளர், தொடக்க இருப்பு, தொடக்கப் பாக்கி இவை போதும். பழைய பில்கள் புத்தகத்திலேயே இருக்கட்டும். முதலில் நிபந்தனை எதுவும் இல்லாத தற்காலிக டேபிளில் எல்லாவற்றையும் எழுத்தாகவே ஏற்றுங்கள். அங்கே சுத்தம் செய்து, பிறகு உண்மையான டேபிளுக்கு மாற்றுங்கள். எங்கள் 640 வாடிக்கையாளர் பெயர்களில் 90க்கு மேல் இரட்டைப் பதிவுகள். எது யாருடையது என்று கணக்குப்பிள்ளை பக்கத்தில் இருந்து சொன்னார். பத்து நாள் ஆனது.

பாக்கித் தொகையை ஏற்றிய பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதில் நேரும் தவறு பணத்தோடு உறவையும் கெடுக்கும்.

10. எந்த நாளில் மாறுவது

ஏப்ரல் 1 சிறந்த நாள். புது நிதியாண்டு, பில் எண்ணும் 1இல் தொடங்கும். முடியாவிட்டால் ஏதாவது ஒரு மாதத்தின் முதல் நாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய ஆறு வாரங்களில் கை வைக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் பில் புத்தகத்தையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். வேலையாட்கள் முணுமுணுப்பார்கள், சம்பளத்தோடு ஏதாவது சேர்த்துக் கொடுத்துச் சமாளியுங்கள். தினமும் கடை அடைக்கும்போது இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அன்றே காரணம் தேடுங்கள். எங்களுக்கு நான்காவது நாள் 40 காசு இடித்தது. உருப்படி வாரியாக வரியை முழுமையாக்கிக் கூட்டுவதா, கூட்டியபின் முழுமையாக்குவதா என்பதில் பில் புத்தகமும் மென்பொருளும் வேறுபட்டிருந்தன. ஆடிட்டரிடம் கேட்டு ஒரே முறைக்குக் கொண்டுவந்தோம்.

இரண்டு வாரம் தொடர்ந்து தொகை ஒத்துப்போனதும் பில் புத்தகத்தை நிறுத்தலாம். மின்சாரமே இல்லாத நாளுக்காக இரண்டு வெற்றுப் புத்தகங்களைக் கல்லாவில் வையுங்கள். அதற்கு வேறு முன்னெழுத்தோடு தனி எண் வரிசை கொடுத்து, அந்த வரிசையையும் எண் டேபிளில் முன்கூட்டியே ஒரு பதிவாகச் சேர்த்துவிடுங்கள்.